கடலோர வளவில் தானியங்கி அன்ரெனா ரியூனர்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள எங்கள் வளவில், அமெச்சூர் வானொலிக்காக 100 வாற் எச்.எப். (சிற்றலை) கருவி ஒன்றையும், அதை அன்ரெனாவோடு பொருந்தச் செய்யும் ஒரு தானியங்கி அன்ரெனா ரியூனரையும் பல பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் பொத்தானை அழுத்தியதும் பொருந்திவிட்டது என்பதோடு நின்றுவிடுகின்றன. உப்புக்காற்றும் மாரி மழையும் பட்ட பிறகு அந்தப் பொருத்தம் என்ன ஆகிறது என்பதையே நான் எழுத விரும்புகிறேன்.

கருவியின் கடைசிக் கட்டத்தில் உள்ள வலுப் பெருக்கி 50 ஓம் சுமைக்கென வடிவமைக்கப்பட்டது. அன்ரெனாவின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) அதிலிருந்து விலகும்போது அனுப்பிய வலுவின் ஒரு பங்கு திரும்பி வருகிறது. இந்த விலகலைக் காட்டும் நிலையலை விகிதம் (1 என்றால் முழுப் பொருத்தம்) 2 ஆக இருந்தால் ஏறத்தாழ 11 சதவீதமும், 3 ஆக இருந்தால் 25 சதவீதமும் திரும்பும். பொருந்தாத சுமையில் திரான்சிஸ்டர்கள் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ தாங்க வேண்டி வருவதால், கருவி தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வலுவைக் குறைத்துவிடும். இவ்விடத்தில்தான் ரியூனர் உதவுகிறது. ஒன்றுக்கொன்று இரட்டிப்பாகும் 8 தூண்டிகளும் (கம்பிச் சுருள்கள்) 8 கொள்ளளவிகளும் ரிலேக்களால் (மின்னால் இயங்கும் ஆளிகளால்) இணைக்கப்பட்டு, கொள்ளளவியை எந்தப் பக்கம் வைப்பது என்ற தெரிவும் சேர்ந்தால், 1,31,072 சேர்க்கைகள் கிடைக்கின்றன. அத்தனையையும் அது முயல்வதில்லை. போகும் அலையையும் திரும்பும் அலையையும் அளந்து, முதலில் பருமட்டாகவும் பின்னர் நுணுக்கமாகவும் தேடி, கண்டதை அதிர்வெண்ணோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது. அதனால் புதிய அதிர்வெண்ணில் படபடவென நீளும் ரிலேச் சத்தம், பழகிய அதிர்வெண்ணில் ஒரே ‘டக்’ ஒலியோடு முடிந்துவிடும்.

கைபேசிக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது. உள்ளங்கை அன்ரெனாவை மூடும்போது மின்மறுப்பு மாறுகிறது, எல்.ரி.ஈ. (4ஜி) கைபேசியின் வழமையான உச்ச வலு 200 மில்லிவாற் மட்டுமே என்பதால், அதில் வீணாவது பற்றரிக்கும் தொடர்புக்கும் உடனே தெரிந்துவிடும். குவால்கொம் நிறுவனம் 2013இல் இத்தகைய இசைவாக்கும் சில்லு ஒன்றை அறிவித்தது. அங்கே ரிலேக்கள் இல்லை. குறைகடத்தி ஆளிகளும், மின்னழுத்தத்துக்கேற்ப மாறும் கொள்ளளவிகளும் அந்த வேலையைச் செய்கின்றன.

எங்கள் வளவுக்குத் திரும்புகிறேன். முதற்காலத்தில் ரியூனர் மேசையில், கருவிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 30 மீற்றர் மெல்லிய கோஎக்சியல் கேபிள் தென்னையில் கட்டிய கம்பிக்குப் போனது. கருவியின் நிலையலை விகித மீற்றர் எப்போதும் 1.2ஐத் தாண்டவில்லை, பெருக்கியும் சூடாகவில்லை, ஆனால் 28 மெகாஹேர்ட்சில் மறுமுனையில் கேட்டவர்கள் என்னைத் தேடித்தான் பிடித்தார்கள். அந்த அதிர்வெண்ணில் அத்தகைய கேபிள் நல்ல பொருத்தத்திலேயே 2.5 டெசிபல் அளவில், அதாவது வலுவில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, விழுங்கும். அன்ரெனா முனையில் விகிதம் 10 ஆனால் மொத்த இழப்பு 6 டெசிபலைத் தாண்டி, 100 வாற்றில் கால்வாசியே கம்பியை அடையும். அதைவிட வேடிக்கை, அன்ரெனா முற்றாக அறுந்து விழுந்தாலும் கருவிப் பக்க மீற்றர் 4ஐத் தொடாது, ஏனெனில் திரும்பும் அலையும் அதே கேபிளில் தேய்ந்துதான் வருகிறது. மேசையில் இருக்கும் ரியூனர் பெருக்கியைக் காப்பாற்றுகிறது; கேபிளில் நடக்கும் விரயத்தைத் தொடுவதே இல்லை.

ஆகவே, கம்பியின் அடியிலேயே நிற்கும் வெளிப்புற ரியூனருக்கு மாறினேன். கேபிள் அதன்பின் 50 ஓமையே காண்பதால் மேலதிக இழப்பு நீங்கியது. அடுத்த பாடம் நிலத்திலிருந்து வந்தது. வளவு மணற்பாங்கானது, கச்சான் காலத்தில் எலும்பாகக் காய்ந்துவிடும். ஒரேயொரு நிலக்கம்பியோடு ரியூனர் எந்த அதிர்வெண்ணிலும் சுலபமாகப் பொருந்தியது. பிறகு மணலுக்கடியில் செப்புக் கம்பிகளைப் பல திசைகளிலும் விரித்தபோது, 3.5 மெகாஹேர்ட்சில் சற்று நகர்ந்தாலே மீண்டும் தேடத் தொடங்கியது. பார்ப்பவருக்கு இது பின்னடைவாகத் தோன்றலாம், ஆனால் மறுமுனை அறிக்கைகள் தெளிவாக முன்னேறின. நிலத்தில் வெப்பமாக வீணாகும் வலு ஒரு தடைபோல் நின்று பொருத்தத்தை அகலமாக்கியிருந்தது; அது குறைந்ததும் அன்ரெனா தன் இயல்பான குறுகிய பட்டைக்கு வந்துவிட்டது. ஆகவே, சுலபமாகப் பொருந்துகிறது என்று யாராவது தம் ரியூனரைப் புகழ்ந்தால் எனக்குச் சிறு சந்தேகம் எழுவதுண்டு.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் காப்பான்களில் உப்புப் படிந்து, காலைப் பனியில் அது நனையும்போது முந்தைய மாலையின் நினைவமைப்புகள் பொருந்தாமல் போகின்றன. நல்ல மழை ஒன்று பெய்தால் உப்புக் கழுவப்பட்டு நிலைமை சீராகும். பெட்டியைத் திறந்த ஒரு தடவை நில இணைப்புத் திருகாணியில் பச்சைக் களிம்பும், ரிலே வரிசைக்குப் பின்னால் இரண்டு பல்லி முட்டைகளும் இருந்தன. அதன்பின் வடிகால் துளைக்கு நுண்வலை வைத்தேன், திருகாணியைத் துருப்பிடிக்கா எஃகுக்கு மாற்றி கிறீஸ் பூசினேன், கேபிள் வந்து சேரும் இடத்தில் மழைநீர் வழிந்து விழும்படி கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டேன். ரிலேக்களைப் பொறுத்தவரை, முழு வலுவில் ரியூன் செய்யாமல் 10 வாற்றில் மட்டும் செய்வது அவற்றின் தொடுமுனைகளைக் கருகவிடாமல் காக்கிறது.

ஒரே பட்டைக்கென அளந்து வெட்டிய அன்ரெனாவும் குறுகிய கேபிளும் உள்ளவருக்கு, கருவிக்குள்ளேயே வரும் ரியூனர் போதும். அது பொதுவாக விகிதம் 3 வரையே சமாளிக்கும். ஒரே கம்பியில் பல பட்டைகளை நாடுபவர் வெளிப்புற ரியூனரை வாங்கலாம், ஆனால் அதற்கு முன் கையிலுள்ள பணத்தை நிலக்கம்பிகளிலும் நல்ல கேபிளிலும் போடுவதே இலாபம். ஐப்பசி மாத இடிமழையில் கோஎக்சியலைக் கழற்றினால் மட்டும் போதாது, ரியூனருக்கு மின்சாரம் கொண்டுபோகும் கட்டுப்பாட்டு வயரையும் சேர்த்தே கழற்ற வேண்டும்.