லிங்கன் கோட்டைக்குள்ள இருக்கற விக்டோரியா கால ஜெயில், கண்டிப்பா பாக்கணும்

இங்கிலாந்துல லிங்கன் பக்கம் போறவங்க கோட்டைய மட்டும் சுத்திட்டு வந்துடாதீங்க, உள்ள இருக்கற ஜெயிலுக்கு நல்லா நேரம் ஒதுக்குங்க. 1848ல இருந்து 1878 வரைக்கும் 30 வருஷம்தான் ஓடிருக்கு, ஆனா அந்த காலத்துல கைதிகள எப்படி நடத்துனாங்கன்னு இவ்ளோ தெளிவா புரிய வைக்கற இடம் ரொம்ப கம்மி.

ஆளுக்கு ஒரு ரூம், யாரும் யாரோடயும் பேசக்கூடாது, தனியா உக்காந்து பைபிள் படிச்சு மனசு திருந்தணும், பழைய குற்றவாளியோட சேந்து புதுசா வந்தவன் கெட்டுப்போகக் கூடாதுங்கறதுதான் அவங்க கணக்கு. நல்லெண்ணம்னு நெனச்சு செஞ்சிருக்காங்க, ஆனா அந்த ரூமுக்குள்ள நின்னு பாத்தா எனக்கு இது அடிய விட பெரிய கொடுமைன்னுதான் தோணுச்சு.

மிஸ் பண்ணவே கூடாதது ஜெயிலுக்குள்ள இருக்கற சர்ச்தான். படி படியா மேல ஏறுற வரிசை, ஒவ்வொரு கைதிக்கும் நிக்க ஒரு தனி மரக்கூண்டு, பக்கத்துல இருக்கறவன் மூஞ்சி தெரியாது, பாதிரியாருக்கு மட்டும் எல்லார் தலையும் தெரியும். சாமி கும்பிடற எடத்துல கூட மனுஷன் மனுஷன பாக்க விடலயேன்னு மனசு கலங்கிடுச்சு.

கோட்டையில இருக்கற லூசி டவர்ங்கற கோபுரத்துல, தூக்குல போட்டவங்கள பொதச்ச எடமும் இருக்கு. வில்லியம் மார்வுட்ங்கற தூக்கு போடற ஆள், 1872ல மொதல் தடவயா ஒருத்தர தூக்குல போட்டதும் இந்த ஜெயில்லதான். இங்கிலாந்து ராஜாவோட அதிகாரத்துக்கு கட்டுப்பாடு போட்ட 1215 மாக்னா கார்ட்டா சாசனமும் இதே வளாகத்துல இருக்கு, அதனால காலைலயே போயிடுங்க.