ரே ஏரிகள் சுற்று: வலஞ்சுழியா, இடஞ்சுழியா?

கலிஃபோர்னியாவின் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவில் ரே ஏரிகளைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 66 கிலோமீட்டர். தொடக்கமும் முடிவும் ரோட்ஸ் எண்ட். பாரடைஸ் பள்ளத்தாக்கில் ஏறி பப்ஸ் ஓடை வழியே இறங்கினால் வலஞ்சுழி, மாற்றிப் போனால் இடஞ்சுழி. எப்படிப் போனாலும் அதே ஏரிகள், அதே கிளென் கணவாய்தான். ஆனால் கோடைகால அனுமதிச் சீட்டை எந்தப் பாதையில் தொடங்குகிறோமோ அதற்குத்தான் தருகிறார்கள், ஒதுக்கீடும் தனித்தனி. அதனால் திசையை முன்பதிவுக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். என் சாய்வு வலஞ்சுழிக்கு.

ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1,535 மீட்டரில் தொடங்கி 3,650 மீட்டர் கணவாய்க்குப் போக வேண்டும். வலஞ்சுழியில் உயரம் மெல்லக் கூடுகிறது. பப்ஸ் ஓடைப் பக்கம் முதல் நாளே வெயிலில் வளைந்து வளைந்து ஏறும் செங்குத்துப் பாதை, அதுவும் முழு உணவுச் சுமையோடு. இந்தச் சுற்றில் கட்டாயமான கரடிக் குடுவை (கரடி திறக்க முடியாதபடி உணவைப் பூட்டிவைக்கும் கடினமான டப்பா) காலியாகவே ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: வலஞ்சுழியில் கடைசி நாள் அதே செங்குத்தில் இறங்கியாக வேண்டும்.

முடிவைத் தீர்மானிப்பது தண்ணீர். மேல் பாரடைஸ் பள்ளத்தாக்கில் கிங்ஸ் நதியின் தென்கிளையைக் கடக்க இருந்த பாலம் 2016-17 பனிக்காலத்தில் அழிந்தது. அந்த இடத்தின் இன்றைய நிலையைப் புறப்படும் முன் ரேஞ்சர்களிடம் கேட்டுவிடுங்கள். ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும் என்றால் திசை உயிர்ப் பிரச்சினையாகிவிடும். வலஞ்சுழியில் இந்த இடம் சுமார் 16 கிலோமீட்டரில் வருகிறது. தண்ணீர் மிரட்டினால் திரும்பிவிடலாம். வீணாவது ஒரு நாள் நடைதான். இடஞ்சுழியில் 50 கிலோமீட்டர் நடந்து, கணவாயும் தாண்டி, குடுவையில் கடைசி வேளைச் சாப்பாட்டோடு அதே வெள்ளத்தின் முன் நிற்க நேரும். திரும்புவதென்றால் மறுபடி கணவாய் ஏற வேண்டும். அந்த நெருக்கடியில்தான் பலரும் இறங்கக் கூடாத தண்ணீரில் இறங்குகிறார்கள்.

பனி உருகிவரும் நீர் பிற்பகலிலும் மாலையிலும் ஏறும், விடியலில் குறையும். முதல் இரவு மேல் பாரடைஸில் தங்கி, காலை முதல் வேலையாகக் கடப்பது வலஞ்சுழிக்காரர்களுக்கு இயல்பாகவே அமைந்துவிடுகிறது. குறுகலான இடம் வேண்டாம், அங்கே ஆழமும் இழுப்பும் அதிகம். அகன்று பரந்த இடத்தைத் தேடுங்கள். ஓட்டத்தின் கீழ்ப்புறம் மரக்கட்டைகள் சிக்கிக் கிடந்தால் அங்கே இறங்கவே கூடாது. காலணியைக் கழற்ற வேண்டாம். பையின் இடுப்பு, மார்புப் பட்டைகளை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பை உங்களை அமுக்கக் கூடாது. உடம்பில் கயிறு கட்டாதீர்கள். தண்ணீர் தொடைக்கு மேல் ஏறினால் திரும்பிவிடுங்கள்.

கிளென் கணவாயிலும் இதே கதைதான். பனி நெடுநாள் தங்குவது ரே ஏரிகள் இருக்கும் வடபுறத்தில். வலஞ்சுழியில் அந்தச் சரிவில் ஏறுகிறோம்: கால் வைக்குமிடம் கண்ணெதிரே தெரியும், சரிப்படாவிட்டால் வந்த தடத்திலேயே இறங்கலாம். இறுகிய பனியில் இறங்குவதுதான் ஆபத்து. ஜூன், ஜூலை தொடக்கத்தில் போகிறவர்கள் பனிக்கோடரியும் காலணியில் மாட்டும் முட்களும் எடுத்துப்போக வேண்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் என்றால் என் வாதம் வலுவிழக்கிறது. வழக்கமான ஆண்டுகளில் அதற்குள் ஆறும் அடங்கியிருக்கும், பனியும் கரைந்திருக்கும். பப்ஸ் ஓடைக்குத்தான் சீட்டு கிடைக்கிறது என்றால் அப்போது தாராளமாக எடுக்கலாம். ஆனால் பனி கொட்டித் தீர்த்த ஆண்டுகளில் மாதத்தை மட்டும் நம்பக் கூடாது. இடஞ்சுழியில் போகிறவர்கள் மேல் பாரடைஸை மாலையில் எட்டும்படி திட்டமிடாமல், முந்தைய இரவை ஆற்றுக்கு இப்பாலேயே கழித்துவிட்டு, ஒரு நாள் உணவைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.