மாலைக்குள் கிடைக்கும் எண்: தானியங்கி இம்யூனோஅஸ்ஸேயுடன் ஆறு ஆண்டுகள்

சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்களில் உருவாகும் எதிர்ப்பொருள் மருந்துகளுக்குத் தூய்மையாக்கும் முறையை வகுக்கும் குழுவில் இருக்கிறேன். 96 குழித் தட்டில் கையால் எலைசா (எதிர்ப்பொருள்களைக் கொண்டு ஒரு புரதத்தைப் பிடித்து அளக்கும் இம்யூனோஅஸ்ஸே வகைச் சோதனை) செய்துவந்த நாங்கள், சுழலும் வட்டில் நானோலிட்டர் அளவு மாதிரியைக் கொண்டே அளக்கும் தானியங்கிக் கருவிக்கு மாறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

கருவியின் வேகத்தைவிட, முடிவு எப்போது கைக்கு வருகிறது என்பதே எங்கள் வேலையை மாற்றியது. மருந்தைப் பிடித்துவைக்கும் புரோட்டீன் ஏ என்ற புரதம் பொருத்திய நிரலைக் கழுவும் கரைசலின் உப்புச் செறிவையும் அமிலத்தன்மையையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் கட்டத்தில், முன்பெல்லாம் எலைசா முடிவு வருவதற்குள் அடுத்த சோதனையை அனுமானத்தின் பேரில் தொடங்கியிருப்போம். இப்போது காலையில் எடுத்த மாதிரியில் மாசாக எஞ்சியுள்ள வெள்ளெலிச் செல் புரதங்களின் அளவு மாலைக்குள் தெரிந்துவிடுவதால், மறுநாள் என்ன செய்வது என்பதை அந்த எண்ணைக் கொண்டே முடிவு செய்கிறோம்.

ஆனால் அந்த எண்ணை நம்புவதற்குப் பொறுமை வேண்டும். ஏதேனும் ஒரு செல் புரதம் மட்டும் மிகுந்திருந்தால், சோதனையில் அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் நிரம்பிவிட, மிச்சம் அளவீட்டில் தென்படாமலே போகும். மாதிரியை மேலும் மேலும் நீர்க்கச் செய்தபோது, நீர்த்த மடங்கால் பெருக்கிக் கணக்கிட்ட அளவு ஏறிக்கொண்டே போனதைக் கண்ட பிறகு, அது நிலைபெறும் வரை நீர்க்காத எந்த முடிவையும் நான் ஏற்பதில்லை. நிரலிலிருந்து கசியும் புரோட்டீன் ஏ மருந்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், அமிலம் சேர்த்துப் பிரித்த பின்னரே அதை அளக்கிறோம்.

இன்னொரு வரம்பும் உண்டு: சோதனையின் எதிர்ப்பொருள்கள் எவற்றை அடையாளம் காணுமோ அவை மட்டுமே எண்ணில் சேரும். லெப்ரிகிசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தோடு பிஎல்பிஎல்2 என்ற வெள்ளெலிப் புரதம் ஒட்டிவந்ததும், அதன் பொருட்டு மூன்றாம் கட்ட ஆய்வுகள் இரண்டாம் கட்டமாக மாற்றப்பட்டதும் இத்துறையினர் அறிந்ததே. எனவே முக்கியக் கட்டங்களில் புரதங்களை நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறை நிறமாலை ஆய்வையும் சேர்த்தே செய்கிறோம்.

சோதனைக்குரிய எதிர்ப்பொருளின் தயாரிப்புத் தொகுதி மாறும்போது, பழையதையும் புதியதையும் ஒரே மாதிரிகளில் ஓட்டி ஒப்பிடுவதைத் தவிர்க்க வேண்டாம். ஒருமுறை அவசரத்தில் தவிர்த்துவிட்டு, மாறியது மருந்தின் தூய்மையா, அளவீடா என்று புரியாமல் இரண்டு வாரங்களை இழந்தோம்.