இன்ஸ்டாகிராமா, பிஹான்ஸா, சொந்தத் தளமா? ஓவியருக்கும் அட்டை வடிவமைப்பாளருக்கும் வேலை எங்கிருந்து வரும்?

ஓவியம் வரைகிறவர்கள், புத்தக அட்டை வடிவமைக்கிறவர்கள், தலைப்பெழுத்து வரைகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதுதான்: "போர்ட்ஃபோலியோவை, அதாவது இதுவரை செய்த வேலைகளின் தொகுப்பை, எங்கே போடலாம்?" கேட்கிறவருக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு ஏற்கெனவே இருக்கும். வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையைக் காட்டும் தளமான பிஹான்ஸில் மூன்று வேலைகளைப் போட்டுவிட்டு அப்படியே விட்டிருப்பார். சொந்த வெப்சைட், கையில் பணம் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போயிருக்கும்.

எது பார்க்க அழகாக இருக்கிறது என்று ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். வேலை கொடுக்கிறவர் எப்போது, எதற்காக அதைத் திறக்கிறார் என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு வேலை நம் கைக்கு வருவதற்குள் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. முதலில், நம்மைத் தெரியாத ஒருவர் கண்ணில் நம் வேலை பட வேண்டும். அடுத்து, பெயரைக் கேள்விப்பட்டவர் "இவரால் இதைச் செய்ய முடியுமா?" என்று தேடிப் பார்ப்பார். கடைசியில், இரண்டு மூன்று பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு, காசு கொடுக்கிறவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவார். இந்த மூன்றிலும் ஒரே இடம் ஜெயிப்பதில்லை. கீழே நான் ஒப்பிடுவது முழுக்க இந்த மூன்றையும் வைத்துத்தான்.

கண்ணில் பட: இன்ஸ்டாகிராம்

முதல் கட்டத்தில் இன்ஸ்டாகிராமை அடிக்க இன்று ஆளில்லை. எழுத்தாளர்கள், சிறு பதிப்பாளர்கள், குறும்படம் எடுக்கிறவர்கள், புதிதாக உணவகம் தொடங்குகிறவர்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். ஓர் எழுத்தாளர் தன் புது நூலின் அட்டையைப் பகிர்ந்து உங்களையும் டேக் செய்தால், அவரைப் பின்தொடரும் மற்ற எழுத்தாளர்கள் கண்ணிலும் அது படும். வழக்கமாக ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய மாதங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். அந்த நேரத்தில் அட்டை வேலை குவியும். பதிப்பாளருக்கு உடனே ஆள் வேண்டும். சமீபத்தில் பார்த்த பெயர்தான் அவர் நினைவுக்கு வரும். செப்டம்பரிலிருந்தே தொடர்ந்து பதிவிடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

2024 ஆகஸ்ட் முதல் ஒரே பதிவில் 20 படங்கள் வரை போடலாம். முதல் பென்சில் கோட்டில் தொடங்கி அச்சாகி வந்த புத்தகம் வரை வரிசையாகக் காட்ட அது தாராளமாகப் போதும்.

ஆனால் அங்கே பக்கத்தின் அமைப்பு நம் கையில் இல்லை. 2025 ஜனவரியில் சுயவிவரப் பக்கத்தில் படங்கள் நிற்கும் கட்டங்களைச் சதுரத்திலிருந்து நெடுக்குச் செவ்வகமாக மாற்றினார்கள். அதற்கு முன் சதுரமாகப் போட்ட படங்களுக்கெல்லாம் கட்டத்தில் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டது. ஓவியமாக இருந்தால் பெரிய சேதமில்லை. தமிழ்த் தலைப்பெழுத்து வரைகிறவருக்குச் சேதம் பெரிது. சதுரத்தின் முழு அகலத்துக்கும் 'கொடி' என்று எழுதியிருந்தால், இடப்பக்கக் கொம்பு போய்க் கட்டத்தில் 'காடி' என்று நிற்கும். நம் எழுத்துகளில் உயிர்க்குறி இடப்பக்கமும் வரும், வலப்பக்கமும் வரும். ஓரத்தை வெட்டினால் சொல்லே மாறிவிடும். இனிமேல் வரைகிறவர்கள் தலைப்பை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விடுங்கள்.

இன்னொரு சங்கடம், எல்லாம் வழக்கமாகத் தேதி வரிசையில்தான் நிற்கும். உங்கள் ஆகச்சிறந்த அட்டை இரண்டு வருடத்துக்கு முன் செய்ததாக இருந்தால், அது எங்கோ அடியில் கிடக்கும். மூன்று பதிவுகளை எப்போதும் மேலேயே நிற்கும்படி பின் (pin) செய்து வைக்கலாம். அப்புறம், கணக்கு இல்லாதவர் அலுவலகக் கணினியில் உங்கள் பக்கத்தைத் திறந்தால், கொஞ்சம் கீழே உருட்டியதும் உள்நுழையச் சொல்லும். பலர் அதோடு மூடிவிடுவார்கள். கண்ணில் படுவதற்கு இன்ஸ்டாகிராம் சரி. சரிபார்க்க வருகிறவருக்கு அது போதாது.

சரிபார்க்க: பிஹான்ஸ்

பிஹான்ஸ் 2005இல் தொடங்கியது. 2012 டிசம்பரில் அடோபி நிறுவனம் அதை வாங்கியது. கணக்கு இலவசம். இன்ஸ்டாகிராமில் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்க வேண்டும் என்றால், இங்கே ஒரு முழு வேலைக்கு ஒரு நீண்ட பக்கம். இந்த வித்தியாசம்தான் இரண்டாவது கட்டத்தில் கைகொடுக்கிறது. ஏனென்றால் சரிபார்க்க வருகிறவர் படம் அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. சொன்னதைப் புரிந்துகொண்டு செய்கிற ஆளா என்றும் பார்க்கிறார்.

ஒரு நாவலின் அட்டையை எடுத்துக்கொள்வோம். முன் அட்டையை மட்டும் போட்டால் அது வெறும் படம். முன் அட்டை, முதுகு, பின் அட்டை மூன்றையும் விரித்தபடி ஒன்று போடுங்கள். தலைப்பெழுத்தைத் தனியாகப் பெரிதாக்கி ஒன்று. தேர்வாகாமல் போன வரைவுகளில் இரண்டு. கடைசியாக, அச்சாகி வந்த புத்தகத்தைக் கையில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த புகைப்படம். கூடவே நான்கு வரி: கதை எதைப் பற்றியது, தலைப்புக்கு என்ன பொருள், பதிப்பாளர் என்ன கேட்டார், நீங்கள் ஏன் இந்த வழியில் போனீர்கள். பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கிற கலை இயக்குநருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்த நான்கு வரியை ஆங்கிலத்திலும் எழுதிவைத்தால்தான் உங்கள் எழுத்து வேலையின் நுணுக்கம் அவருக்குப் புரியும். ஊர், துறை, மென்பொருள் என்று பிரித்துத் தேடும் வசதி அங்கே இருப்பதால், அந்த விவரங்களைச் சுயவிவரத்தில் நிரப்பாமல் விடாதீர்கள்.

மாக்-அப், அதாவது நம் அட்டையை ஒட்டிக் காட்டும் போலிப் புத்தகப் படம், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய கெட்டி அட்டைப் புத்தக மாக்-அப்பில் தமிழ் அட்டையை ஒட்டிக் காட்டுகிறவர்கள் அதிகம். நம் ஊரில் பெரும்பாலான நாவல்கள் டெம்மி என்கிற வழக்கமான புத்தக அளவில், மெல்லிய அட்டையோடு வருகின்றன. பதிப்புத் தொழிலில் இருக்கிறவர் பார்த்த உடனே, இந்த அட்டை அச்சுக்கே போகவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். நிஜப் புத்தகத்தின் சாதாரணப் புகைப்படம் அதைவிடப் பல மடங்கு நம்பிக்கை தரும்.

பிஹான்ஸின் குறை, அங்கே வந்து பாராட்டுகிறவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற வடிவமைப்பாளர்கள்தான். விளம்பர நிறுவனங்களும் ஸ்டுடியோக்களும் அங்கே ஆள் தேடுகின்றன. தமிழ்ப் பதிப்பாளர் அங்கே வந்து தேடுவது அபூர்வம். அதோடு, உங்கள் வேலையைப் பார்த்து முடித்ததுமே கீழே மற்றவர்களின் வேலைகள் வரிசையாக வந்து நிற்கும். வந்தவர் அப்படியே வேறு பக்கம் போய்விடலாம்.

ஆர்ட்ஸ்டேஷன், டிரிபிள்

இரண்டும் குறிப்பிட்ட துறைக்காரர்களுக்கு. கேம், அனிமேஷன், விஎஃப்எக்ஸ் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு 2014இல் தொடங்கிய ஆர்ட்ஸ்டேஷன்தான் முதல் முகவரி. முப்பரிமாண மாடலைப் பார்க்கிறவரே சுழற்றிப் பார்க்கலாம். அந்தத் துறையில் ஆள் எடுக்கிறவர்கள் அங்கே பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. புத்தக அட்டைக்கும் சிறார் நூல் ஓவியத்துக்கும் அது அவ்வளவு பொருந்தாது. டிரிபிள், செயலிகளின் திரையை வடிவமைக்கிறவர்களுக்கானது. ஒரு சின்னத் துண்டை மட்டும் காட்டுவது அதன் பழக்கம். ஆரம்ப காலத்தில் அங்கே 400 பிக்சலுக்கு 300 பிக்சல் படம்தான் போட முடிந்தது. முழு வேலையை விளக்க அது இடமில்லை.

சொந்தத் தளம்

சொந்தத் தளத்துக்குத் தானாக யாரும் வர மாட்டார்கள். தளம் திறந்த மறுநாளே வேலை வரும் என்று எதிர்பார்த்துப் பணம் போடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அப்படியும் அது வேண்டும் என்றுதான் சொல்வேன். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் இருந்தது. வருடக்கணக்காக அங்கே வேலையைச் சேர்த்தவர்கள் ஒரே இரவில் பார்வையாளர்களை இழந்தார்கள். 2018 நவம்பரில் புகைப்படத் தளமான ஃபிளிக்கர், இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான் என்று அறிவித்தது. அதற்கு மேல் வைத்திருந்த புகைப்படக்காரர்கள் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் பழைய படங்கள் போய்விடும். 2024இல் இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம், பயனர்களின் பொதுப் பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு எடுப்பதாகத் தெரியவந்தபோது, ஓவியர்கள் கூட்டமாகக் காரா என்ற புதுத் தளத்துக்குப் போனார்கள். இன்னொருவர் தளத்தில் இருக்கும்வரை, இப்படி ஒன்று எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. நம் பெயரிலேயே ஒரு முகவரி இருந்தால், உள்ளே இருப்பதை எங்கே மாற்றினாலும் விசிட்டிங் கார்டில் அச்சிட்ட லிங்க் அப்படியே இருக்கும்.

எதில் கட்டுவது? ஃபோட்டோஷாப்புக்காக ஏற்கெனவே அடோபிக்கு மாதச் சந்தா கட்டுகிறவர் வேறெங்கும் போக வேண்டாம். அதோடு சேர்ந்தே அடோபி போர்ட்ஃபோலியோ வருகிறது; ஐந்து தளங்கள் வரை கட்டலாம்; பிஹான்ஸில் போட்ட வேலைகளை அப்படியே இழுத்துக்கொள்ளலாம்; சொந்த டொமைனையும், அதாவது உங்கள் பெயரில் வாங்கிய இணைய முகவரியையும், இணைக்கலாம். இந்த வசதி கையில் இருப்பதே தெரியாமல் வருடக்கணக்காகச் சந்தா கட்டுகிறவர்கள் உண்டு. சந்தா இல்லாதவருக்கு, ஒரே பக்கத்தில் 12 வேலைகளும் தொடர்பு விவரமும் போதும் என்றால் கார்டு (Carrd) என்ற தளம் மலிவு. விக்ஸ் இழுத்து வைத்துக் கட்ட எளிது, ஆனால் இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரம் உங்கள் பக்கத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும். வேலையைப் பற்றித் தொடர்ந்து கட்டுரை எழுதுகிறவருக்கு வேர்ட்பிரஸ் நல்லது. பிளகின்களை, அதாவது அதில் சேர்க்கும் துணை மென்பொருள்களை, அப்டேட் செய்துகொண்டே இருக்கப் பொறுமை வேண்டும்.

டெம்ப்ளேட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அழகழகான டெம்ப்ளேட்டுகளில் இருக்கும் எழுத்துருக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு மட்டுமானவை. அதில் தமிழை எழுதினால், பார்க்கிறவரின் போனில் இருக்கிற ஏதோ ஓர் எழுத்துருவில் தெரியும். எழுத்தையே தொழிலாக வைத்திருப்பவரின் தளம் அப்படித் தெரியக் கூடாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை எல்லாம் கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள், மேலே போகும் சுழிக்கும் கீழே இறங்கும் காலுக்கும் இடம் வேண்டும். 'புத்தக அட்டை வடிவமைப்பு', 'சிறார் நூல் ஓவியம்' போன்ற சொற்களைப் படத்துக்குள் வரையாமல் யூனிகோடு எழுத்தாகவே பக்கத்தில் எழுதுங்கள். தமிழில் தேடுகிறவர்களுக்கு அப்போதுதான் கூகுள் உங்களைக் காட்டும்.

ஒப்புதல் வாங்க: பிடிஎஃப்

மூன்றாவது கட்டத்தில் ஜெயிப்பது பெரும்பாலும் பிடிஎஃப்தான். பழைய முறை என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆசிரியர் குழுவில் இருக்கிற ஒருவர் உங்கள் வேலையை இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும் என்றால் அவருக்கு ஒரு கோப்புதான் வசதி. கேட்கிற வேலைக்கு ஏற்ப ஆளுக்கு ஆள் மாற்றி அனுப்பவும் முடியும். வெப்சைட்டில் அது முடியாது. சிறார் நூல் பதிப்பகத்துக்கு என்றால், தனித்தனி அழகான படங்கள் பத்தைவிட, ஒரே குழந்தை ஒரே சட்டையோடு நான்கு பக்கம் தொடர்ந்து வருகிற ஒரு சின்னக் கதையை வைப்பது நல்லது. நான்காம் பக்கத்திலும் அந்தக் குழந்தை அதே குழந்தையாக இருக்கிறதா என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள்.

ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது; 8 எம்பிக்குள் முடித்துக்கொண்டால் போனிலும் சட்டென்று திறக்கும். கோப்புக்கு உங்கள் பெயரையும் தொழிலையும் வையுங்கள், வாங்கியவர் ஒரு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்க வேண்டும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அமுங்கி மங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கூகுள் டிரைவ் லிங்க் அனுப்புகிறவர்கள், வேறு கணக்கிலிருந்து ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். "அணுகல் தேவை" என்று வந்தால் யாரும் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார்கள், பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

யாருக்கு எது

இப்போதுதான் படிப்பு முடித்துத் தமிழ்ப் பதிப்பகங்களில் அட்டை வேலை தேடுகிறவர் இன்ஸ்டாகிராமும் பிடிஎஃப்பும் வைத்துக்கொண்டு தொடங்கட்டும், பிஹான்ஸ் ஆறு மாதம் கழித்து வரலாம். விளம்பர நிறுவனம், வெளியூர் ஸ்டுடியோ என்று குறிவைப்பவர் பிஹான்ஸை முதலில் முடித்துவிட்டு மற்றதைப் பார்க்கட்டும். ஆறு வேலை போதும், ஆனால் ஒவ்வொன்றும் முழுசாக இருக்க வேண்டும். கேட்டுச் செய்த வேலை இன்னும் இல்லை என்றால், பதிப்புரிமை முடிந்த பழைய நூல் ஒன்றுக்கு நீங்களாகவே அட்டை செய்து, இது சொந்த முயற்சி என்று வெளிப்படையாக எழுதிப் போடுங்கள். அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. நான்கைந்து வருடம் தொழிலில் இருந்து, வாய்வழியாகவே வேலை வருகிறவருக்குச் சொந்தத் தளத்தை இனியும் தள்ளிப்போடக் காரணமே இல்லை. பெயரைச் சொல்லி அனுப்புகிறவர்களுக்கு அனுப்ப ஒரு லிங்க் வேண்டும்.

டொமைன் வாங்கும்போது முதல் வருட விலையை மட்டும் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும்போது பல இடங்களில் கூடுதலாக இருக்கும். தளம் கட்டித் தருகிற நண்பரின் கணக்கில் வாங்காமல் உங்கள் சொந்த மின்னஞ்சலில், உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிட்டு, அதற்குப் பணம் கட்டும் வங்கிக் கார்டு காலாவதியாகும் மாதத்தையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.