கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனிக் கூலர் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 7,400 ரூபாய் போய்விட்டது

கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனியாகக் கூலர் வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மூன்று ஃபேன் வைத்த கூலர் என்று 7,400 ரூபாய் கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றுக்கும் உதவாமல் மேசையில் கிடக்கிறது; 'உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது' என்று வாங்கிய இணையச் சந்தையிலிருந்து இன்று காலை மின்னஞ்சலும் வந்துவிட்டது.

பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைப்பவன் நான். என்னிடம் இருப்பது 2016இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1070 என்ற கிராஃபிக்ஸ் கார்டு, அதிலும் ஒற்றை ஃபேன் வைத்த ப்ளோயர் வகை. 150 வாட் கார்டுதான் என்றாலும், சித்திரை வெயிலில் அறையே 34 டிகிரியில் கொதிக்கும்போது ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) ஓடவிட்டால் 83 டிகிரியைத் தொட்டு, அதற்கு மேல் சூடேறாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கூலரை மட்டும் மாற்றினால் போதும் என்று தேடியபோது, கணினி உதிரிபாகங்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் இந்த விற்பனையாளர் அகப்பட்டார்.

தொலைபேசியில் என் பேச்சைக் கேட்டவுடனேயே, "அண்ணாச்சிக்குத் திருநவேலியா? நானும் நம்ம பக்கந்தான். ஊர்க்காரவுகளுக்குப் போயி மோசம் பண்ணுவனா?" என்றார். ஆறு செம்பு ஹீட் பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்), 250 வாட் வரை தாங்கும், உங்கள் கார்டுக்கு அப்படியே பொருந்தும் என்றெல்லாம் சொல்லி, 62 டிகிரி காட்டும் சோதனை வீடியோ ஒன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அது எந்தக் கார்டில் எடுத்த வீடியோவோ, அவருக்கே வெளிச்சம். அந்த 'அண்ணாச்சி' என்ற அழைப்புக்குத்தான் 7,400 ரூபாய் விலை.

கூலர் சொன்ன நாளில் வந்தது. ஆனால் அதைக் கார்டில் பொருத்துவதற்கான பிராக்கெட்டும் ஸ்க்ரூக்களும் பெட்டியில் இல்லை. "அது தனிப் பார்சல்ல வருது அண்ணாச்சி, கூரியர்ல போட்டாச்சு" என்றார். அவை இல்லாமல் கூலரைச் சோதிக்கவே முடியாது. அந்தச் சிறிய பார்சல் என் கைக்கு வந்தபோது, பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான 7 நாள் கெடு முடிந்திருந்தது. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

பழைய கூலருக்கும், சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்டைப் புதிதாகப் போட்டு ஒரே ரெண்டரை ஓட்டிக் குறித்துக்கொண்ட பிறகே புதியதை மாட்டினேன். மூன்று ஃபேனும் முழு வேகத்தில் அலறியும், பழையதைவிடச் சீக்கிரமாகவே 83 டிகிரி வந்தது; கார்டின் வேகம் 1506 மெகாஹெர்ட்ஸ் என்ற அடிப்படை அளவை ஒட்டி இறங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால், சிப்பின்மீது உட்காரும் அடித்தட்டின் ஓரங்களில் மட்டும் பேஸ்ட் நசுங்கியிருந்தது. நடுவில் நான் வைத்த பொட்டு வைத்தபடியே இருந்தது. எஃகு அளவுகோலைத் தட்டின்மீது நிறுத்தி விளக்கைப் பிடித்தபோது நடுவே வெளிச்சம் கசிந்தது; தட்டு நடுவில் குழிந்திருக்கிறது, சிப்பைத் தொடவே இல்லை. ஹீட் பைப்பை பிளேடால் லேசாகச் சுரண்டினேன், செம்பு நிறத்துக்குக் கீழே வெள்ளை உலோகம். உண்மையான ஹீட் பைப்புக்குள் சிறிதளவு நீர் ஆவியாகிச் சூட்டைச் சுமந்து செல்வதால், அடித்தட்டை வெந்நீரில் வைத்த சில நொடிகளிலேயே மறுமுனை கையைச் சுட வேண்டும். இதில் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தும் மறுமுனையில் சூடே ஏறவில்லை. வெறும் அலுமினியக் கம்பிக்குச் சாயம் பூசி 7,400 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

படங்களை அனுப்பியதும் அண்ணாச்சி மறைந்து 'சார்' வந்தார். "பேஸ்ட் தப்பாப் போட்டிருப்பீங்க சார்" என்பது முதல் பதில். "ஸ்க்ராட்ச் இருக்கு, வாரண்டி கிடையாது" என்பது அடுத்தது. அதன்பின் நீல டிக் மட்டுமே. இணையச் சந்தையிலோ, ஒவ்வொரு முறையும் வேறொருவர் வந்து முதலிலிருந்து விவரம் கேட்டுவிட்டு, கெடு முடிந்துவிட்டது என்ற அதே வரியை ஒட்டிவிட்டுப் போனார். பொருத்தும் உதிரிபாகம் கெடுவுக்குப் பிறகுதானே வந்தது என்ற கேள்விக்கு இதுவரை பதில் இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. பெட்டியில் ஒரு ஸ்க்ரூ குறைந்தாலும், 'தனிப் பார்சல்' என்ற பேச்சைக் கேட்காமல் அன்றைக்கே திருப்பி அனுப்பக் கோரிக்கை போடுங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். அடித்தட்டை அளவுகோல் வைத்துப் பாருங்கள், வெந்நீர்ச் சோதனையைச் சுரண்டுவதற்கு முன்பே செய்யுங்கள். விற்பவர் எந்த ஊர்த் தமிழ் பேசினாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்துவிட்டேன். விற்பவர் எங்கிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதால், 7,400 ரூபாய் திரும்பி வராவிட்டால் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். இதே விற்பனையாளரிடம் பிராக்கெட்டுக்காகக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், கெடு முடிவதற்குள் இன்றே புகார் கொடுங்கள்.