பழைய கேசட்டைக் கணினியில் ஏற்ற: ஆடாசிட்டியா, ரீப்பரா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களில் வீட்டுக்கு ஒரு பிஸ்கட் டின் கேசட்டாவது கிடக்கும். கோயில் திருவிழா, உருமி மேளம், மின்னல் எஃப்எம் வானொலி ‘ரேடியோ ஆறு’ என்றிருந்த காலத்தில் அதிலிருந்து பதிந்த பாட்டு, பாட்டி பாடிய தாலாட்டு. இவற்றைச் சுத்தம் செய்ய ஆடாசிட்டி, ரீப்பர், ஐசோடோப் ஆர்எக்ஸ் எலிமென்ட்ஸ் மூன்றும் கைக்கு எட்டுகிற மென்பொருள்கள். நான் ரீப்பர் கட்சி. ஏனென்று கீழே.

பதிவதில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பு. 60 நிமிடக் கேசட்டுக்கு ஏறக்குறைய 635 எம்பி ஆகும். சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். மடிக்கணினியின் மைக் துளையில் மட்டும் செருகாதீர்கள். பெரும்பாலும் மோனோவாகத்தான் எடுக்கும், சத்தமும் உடையும். நல்ல கேசட் டெக்கிலிருந்து, யூஎஸ்பியில் செருகும் பெரிங்கர் யூசிஏ202 போன்ற லைன் இன் பெட்டி வழியே கொண்டுவாருங்கள். வெள்ளைப் பூஞ்சணம் பூத்த நாடாவை அப்படியே ஓட்டினால் அது நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் மழுங்கிக் கேட்டால் ஹெட்டின் பக்கத்திலிருக்கும் சின்னத் திருகாணியை மயிரிழை திருப்பிப் பார்க்க வேண்டும். பதியும்போது போன அந்தக் கூர்மையை எந்த மென்பொருளாலும் பிறகு மீட்க முடியாது.

ஆடாசிட்டி இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். அதன் இரைச்சல் நீக்கியும் சோடையில்லை. பாட்டுக்கு முன்னால் வெறும் ‘இஸ்ஸ்’ மட்டும் கேட்கும் ஓரிரு வினாடியைத் தேர்ந்து மாதிரி எடுங்கள். பிறகு முழுவதையும் தேர்ந்து 6 முதல் 9 டெசிபெல் மட்டும் குறையுங்கள். பலரும் ஆசைப்பட்டு 20க்கு மேல் போய்விடுவார்கள். பாட்டி தண்ணீருக்குள்ளிருந்து பாடுவாள். உருமிக்கு இன்னும் மோசம்: வளைந்த குச்சியை இழைக்கும்போது எழும் அந்த முனகல் அடங்கும் இடத்தை மென்பொருள் இரைச்சல் கணக்கில் சேர்த்து நறுக்கிவிடும். மிஞ்சுவது வெறும் ‘டொக் டொக்’.

சிக்கல் அடுத்த மாதம் தெரியவரும். நீக்கிய இரைச்சல் நீக்கியதுதான். புராஜெக்டை மூடிவிட்டால் செய்ததைத் திரும்பப் பெறும் வரலாறும் போய்விடும். டிராக்கை நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் முப்பது கேசட் சேரும்போது எது மூலம், எது கழுவியது என்ற குழப்பத்துக்கு அளவிருக்காது.

ரீப்பரில் மூல வேவைத் தொடுவதே இல்லை. எல்லாத் திருத்தமும் மேலே போட்ட துணி மாதிரி. எப்போது வேண்டுமானாலும் விலக்கிப் பார்க்கலாம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வேகக் கோளாறில் விளங்கும். திருவிழாவுக்குத் தூக்கிப்போன ரேடியோ கேசட் பேட்டரியில் ஓடியது. பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகும். அப்படிப் பதிந்ததை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிக்கொண்டே போகும். மோட்டார் 6 சதவீதம் தளர்ந்தால் ஏறக்குறைய அரை ஸ்வரம். சரிவு நேர்கோட்டில் வருவதும் அரிது, கடைசிப் பத்து நிமிடத்தில்தான் மளமளவென்று விழும். ஆடாசிட்டியில் வேகத்தைப் படிப்படியாக மாற்றும் ஸ்லைடிங் ஸ்ட்ரெச்சில் தொடக்கம், முடிவு என்று இரண்டே எண்கள். அந்தக் கருவியில் நடுவில் வளைக்க வழியில்லை. ரீப்பரில் மாஸ்டர் டிராக்கில் வேகத்தை இடத்துக்கு இடம் மாற்றும் கோடான பிளேரேட் என்வலப்பைத் திறந்து, சுருதியைக் காக்கும் ‘பிரிசர்வ் பிட்ச்’ டிக்கை எடுத்துவிட்டு, புள்ளி புள்ளியாக இறக்கலாம்: தொடக்கத்தில் 1.00, கடைசியில் 0.94. சுருதி மாறாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டியோ ஒத்தோ கேட்கும் இடங்களே அளவுகோல். ஒரு புள்ளி தப்பினால் அதை மட்டும் நகர்த்தினால் போதும்.

ரீப்பரின் குறையையும் சொல்லிவிட வேண்டும். இரைச்சல் நீக்க ரீஎஃப்ஐஆர் என்ற கருவியை ‘சப்ட்ராக்ட்’ நிலையில் வைத்து, தானாக மாதிரி எடுக்கும் பெட்டியில் டிக் போட்டு, வெறும் இரைச்சலை ஓரிரு வினாடி ஓட்டி, டிக்கை எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் பாட்டையும் இரைச்சலாக எண்ணித் தின்றுவிடும். சரியாகச் செய்தாலும் ஆடாசிட்டி அளவுக்கு வழவழப்பு வராது. கருவியின் வேலை எவ்வளவு கலக்கிறது என்பதைக் கட்டுப்படுத்தும் வெட் குமிழைப் பாதிக்கு இறக்கினால் தாங்கும். பேச்சுக்கும் தாலாட்டுக்கும் இதுவே போதும் என்பேன். நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து முழங்கும் பதிவில் அவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன்.

விலை 60 டாலர், 250 வெள்ளிக்கு முன்பின். வாங்கும் பதிப்போடு அடுத்த பெரிய பதிப்புக்கும் அந்த உரிமம் செல்லும். முதல் 60 நாள் முழு மென்பொருளையும் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். ஒரு டின் கேசட்டுக்கு அதுவே போதுமான அவகாசம்.

ஆர்எக்ஸ் எலிமென்ட்ஸ் 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரத்தையும் ‘டிக் டிக்’ சொடுக்குகளையும் மற்ற இரண்டைவிடச் சுளுவாக எடுக்கும். கோயில் ஒலிபெருக்கியிலிருந்து நேராக ஒயர் போட்டுப் பதிந்த கேசட்டுகள் நிறைய இருந்தால் வாங்கலாம், அதுவும் தள்ளுபடி வரும்போது. நாடாவின் வேகத் தள்ளாட்டத்தைச் சரிசெய்யும் கருவி இந்தப் பதிப்பில் கிடையாது.

ரீப்பருக்குப் போகிறவர்கள் அண்ணன் வீட்டுக்குக் கொடுக்கும்போது ரீப்பரின் புராஜெக்ட் கோப்பான ஆர்பிபி கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டுக் கொடுக்காதீர்கள். அதில் ஒலியே இருக்காது, திருத்தக் குறிப்புகள்தான் இருக்கும். ‘சேவ் அஸ்’ போகும்போது மீடியாவையும் நகலெடுக்கும் பெட்டியில் டிக் போட்டு, முழு ஃபோல்டரையும் கொடுங்கள்.