படகுப் பத்திரிகையில் பாதி எனக்கு, பாதி யாருக்கோ

தேவகோட்டையில் அவுட்போர்டு என்ஜின் (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) வேலை பார்க்கிறேன். தொண்டிப் பக்கத்து ஃபைபர் படகுக்காரர்கள்தான் வாடிக்கை. சிங்கப்பூரிலிருந்து சின்னம்மா மகன் அனுப்பும் ஆங்கிலப் படகு மாத இதழை வரி விடாமல் படிப்பேன்.

இம்பெல்லர் (என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம்) மாற்றும் கட்டுரை அருமை. கூலிங் தண்ணீர் பீய்ச்சுவது மெலிந்தால் முதலில் எதைப் பார்ப்பது, கியர் பகுதியை எப்படி இறக்குவது, பிய்ந்த ரப்பர் துண்டு உள்ளே எங்கே அடைத்திருக்கும் என்று போல்ட் போல்ட்டாகப் படம் போட்டிருக்கிறார்கள். என்ஜினில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்று, அதன்மேல் பெயின்ட் அடிக்காதே என்பதற்குக் காரணமும் உண்டு: உப்புத் தண்ணீரில் அது கரைந்தால்தான் என்ஜினின் அலுமினியம் அரிக்காமல் பிழைக்கும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

அப்புறம் பக்கம் பக்கமாகச் சொகுசுப் பாய்மரப் படகு. யார் கேட்டது? பாக் நீரிணை மாதிரி ஆழமில்லாத கடலில் ப்ரொப்பல்லர் தரையில் தட்டினால் என்ன செய்வது, ஃபைபர் விரிசலைக் கரையிலேயே எப்படி ஒட்டுவது, அதைப் போடுங்கள்.

சாமான் விமர்சனம் மட்டும் சம்பந்தி வீட்டுப் பந்தி மாதிரி, குறையே சொல்வதில்லை. விலையைப் போட்டு, ஒரு வருடம் உப்பில் கிடந்தபின் எப்படி இருக்கிறது என்றும் எழுதினால் நானே சந்தா கட்டுவேன்.